ஆபீஸ் முழுக்க பிடிஎஃப் ஒரே ஆப்பில் திறக்க: குரூப் பாலிசி டெம்ப்ளேட்டில் எது முடியும், எது முடியாது

கேள்வி இது. மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"அண்ணா, எங்களிடம் 70 கம்ப்யூட்டர், ஒரு டொமைன், இரண்டு சர்வர். விண்டோஸ் 10-ம் 11-ம் கலந்து ஓடுகிறது. கஸ்டம்ஸின் ஐஸ்கேட் போர்ட்டலிலிருந்து மெயிலில் வரும் பில் ஆஃப் என்ட்ரி பிடிஎஃப் எல்லாம் எட்ஜில் திறக்கிறது. அக்ரோபேட் ரீடரில்தான் திறக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் பதிவேடு) எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றை லாகினில் ஓட விட்டேன். விண்டோஸ் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி எட்ஜுக்கே மாற்றிவிடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்டில் செய்யலாம் என்கிறார்கள். எந்த டெம்ப்ளேட்டை இறக்குவது? குரோம், எக்செல் டிஃபால்ட்களையும் அதிலேயே வைக்க முடியுமா?"

குரூப் பாலிசி என்பது டொமைனில் சேர்ந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சர்வரிலிருந்து செட்டிங்ஸ் அனுப்பும் வழி; டெம்ப்ளேட் என்பது அந்த செட்டிங்ஸை எடிட்டரில் பட்டியலிட்டுக் காட்டும் படிவம். பிடிஎஃப்-க்கு எந்த டெம்ப்ளேட்டையும் இறக்க வேண்டாம், அதற்கான பாலிசி விண்டோஸிலேயே இருக்கிறது. குரோமுக்குத் தனி டெம்ப்ளேட் வேண்டும். எக்செலுக்கும் டெம்ப்ளேட் உண்டு, ஆனால் உங்கள் ஆபீஸில் அது பலிக்குமா என்பது நீங்கள் எந்த லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஸ்கிரிப்ட் ஏன் நிற்கவில்லை என்பதைப் பார்ப்போம். காரணம் தெரியாவிட்டால் நெட்டில் கிடைக்கும் அடுத்த ஸ்கிரிப்டையும் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஒரு ஃபைல் வகைக்கு யூசர் எந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவருடைய ரிஜிஸ்ட்ரியில் யூசர்சாய்ஸ் என்ற கீயில் பதிவாகிறது. விண்டோஸ் 8 முதல் அதோடு ஒரு ஹேஷும் எழுதப்படுகிறது. அந்த யூசருக்கும் அந்தத் தேர்வுக்கும் சேர்த்து விண்டோஸே கணக்கிட்டுப் போடும் முத்திரை அது. ஸ்கிரிப்ட் ஆப்பின் பெயரை மட்டும் மாற்றினால் முத்திரை பொருந்தாது. உடனே "ஆப் டிஃபால்ட் ரீசெட் செய்யப்பட்டது" என்று ஓர் அறிவிப்பு வரும், பழைய நிலைக்குப் போய்விடும். இந்த ஹேஷைத் தாங்களே கணக்கிட்டு எழுதும் கருவிகளும் வந்தன. 2024-ல் வந்த அப்டேட்களில் மைக்ரோசாஃப்ட் ஒரு டிரைவரையே சேர்த்து, பிடிஎஃப், ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் ஆகிய மூன்றின் கீகளையும் வெளியார் யாரும் எழுத முடியாதபடி அடைத்துவிட்டது. யூசருக்குத் தெரியாமல் பிரவுசரைக் கடத்தும் ஆப்களை அடைக்கும் அதே கதவு உங்கள் ஸ்கிரிப்டையும் அடைக்கிறது. ஆகவே அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். நிர்வாகிக்கென்று வைத்திருக்கும் வாசல் பாலிசிதான்.

அந்தப் பாலிசி இருக்கும் இடம்: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர். அதில் "செட் எ டிஃபால்ட் அசோசியேஷன்ஸ் கான்ஃபிகரேஷன் ஃபைல்" என்று ஒரு வரி. அதை எனேபிள் செய்தால் ஒரே ஒரு கட்டம்தான் வரும், ஒரு ஃபைலின் பாதையைக் கேட்கும். பிடிஎஃப் என்றோ ரீடர் என்றோ அங்கே எதுவும் கிடையாது. எது எதில் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஃபைலுக்குள் (எக்ஸ்எம்எல் என்ற வடிவில் எழுதிய உரை ஃபைல் அது) இருக்க வேண்டும். பலர் இங்கேதான் குழம்பி, வேறு ஏதோ டெம்ப்ளேட் இருக்கும் என்று தேடப் போகிறார்கள்.

எக்ஸ்எம்எல்லைக் கையால் எழுத வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரை மாதிரியாக வையுங்கள். அதில் ரீடரை நிறுவி, செட்டிங்ஸுக்குப் போய் பிடிஎஃப்-க்கு ரீடரைக் கையாலேயே தேர்ந்தெடுங்கள். பிறகு அட்மின் உரிமையோடு கமாண்ட் விண்டோவைத் திறந்து, டிஸ்ம் கட்டளையில் ஆன்லைன் என்ற ஸ்விட்சும் எக்ஸ்போர்ட் டிஃபால்ட் ஆப் அசோசியேஷன்ஸ் என்ற ஸ்விட்சும் கொடுத்து, எந்த ஃபைலில் சேமிக்க வேண்டும் என்பதையும் சொன்னால் எக்ஸ்எம்எல் தயார்.

அதைத் திறந்து பார்த்தால் படம், பாட்டு, மெயில் லிங்க் என்று வரிசையாக நிறைய வரிகள் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். ஏனென்றால் இந்தப் பாலிசி ஒவ்வொரு லாகினிலும் அந்தப் பட்டியலைத் திரும்பப் போடும். டாக்குமெண்டேஷன் பிரிவில் ஒருவர் ஸ்கேன் செய்த படங்களைத் தனக்குப் பழகிய வியூவரில் திறக்க வைத்திருப்பார். உங்கள் பட்டியலில் ஜேபெக் வரி இருந்தால் மறுநாள் காலை அது போட்டோஸுக்குப் போய்விடும். அவர் மாற்றுவார், அதற்கடுத்த நாள் மறுபடியும் போய்விடும். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு விஷயத்துக்காக ஒரு மனிதர் தினமும் எரிச்சல்படுவார். உங்களுக்குத் தேவை பிடிஎஃப் ஒரு வரி. பிரவுசரையும் நிலைநிறுத்த வேண்டுமானால் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல் என்று நான்கு வரி. அவ்வளவு போதும்.

அந்த ஒரு பிடிஎஃப் வரியைக் கிட்டே பார்ப்போம். அதில் மூன்று பகுதிகள். ஐடென்டிஃபையர் என்பது ஃபைலின் நீட்சி, அதாவது புள்ளி பிடிஎஃப். அப்ளிகேஷன் நேம் என்பது மனிதர்கள் படிக்கும் பெயர். நடுவில் இருக்கும் புரோக்ஐடிதான் உயிர், எந்த ஆப்பில் திறப்பது என்று விண்டோஸுக்குச் சொல்லும் அடையாளப் பெயர் அது. 32-பிட் ரீடரின் புரோக்ஐடி "அக்ரோஎக்ஸ்ச் டாக்குமெண்ட் டிசி", 64-பிட் அக்ரோபேட்டுக்கு "அக்ரோபேட் டாக்குமெண்ட் டிசி". பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் விண்டோஸுக்கு இரண்டும் வேறு வேறு. உங்கள் 70 கம்ப்யூட்டரில் பழையவற்றில் 32-பிட்டும் புதியவற்றில் 64-பிட்டும் இருந்தால், மாதிரி கம்ப்யூட்டரில் எது இருந்ததோ அது உள்ளவற்றில் மட்டும் பாலிசி வேலை செய்யும், மற்றவை சும்மா இருக்கும். "பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ரீடர் பதிப்பைப் பாருங்கள் என்பதுதான். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே கதை. அதன் புரோக்ஐடியின் வாலில் ஒட்டியிருக்கும் எண்ணெழுத்து, எந்த ஃபோல்டரில் நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். எனவே பாலிசியைத் தொடுவதற்கு முன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே பதிப்பு இருக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டு எக்ஸ்எம்எல், இரண்டு கம்ப்யூட்டர் குரூப், இரண்டு ஜிபிஓ (பாலிசிகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) என்று பிரித்துவிடுங்கள்.

அடுத்தது ஜிபிஓவை எங்கே இணைப்பது. பெயரிலேயே கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் என்று இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் அக்கவுண்ட்கள் உள்ள ஓயூவில் (டொமைனில் அக்கவுண்ட்களைப் பிரித்து வைக்கும் பிரிவு) இணைக்க வேண்டும். யூசர்கள் உள்ள ஓயூவில் இணைத்தால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. குரூப்பை வைத்து வடிகட்டுவதாக இருந்தால் அந்த குரூப்பில் கம்ப்யூட்டர்களைப் போடுங்கள். புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் தான் அந்த குரூப்பில் இருப்பது அதற்குத் தெரியும். இன்னொன்று, இந்தப் பாலிசி டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்யும். டொமைனுக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டரில் லோக்கல் பாலிசி எடிட்டரைத் திறந்து இதை எனேபிள் செய்ய முடியும், ஆனால் லாகினில் பலன் இருக்காது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வைக்கப்போகும் ஒவ்வொரு டிஃபால்ட்டும் கட்டளையா, சிபாரிசா? இதை டெம்ப்ளேட் முடிவு செய்யாது, நீங்களும் உங்கள் மேலாளரும்தான் முடிவு செய்ய வேண்டும். பிடிஎஃப் விஷயத்தில் கட்டளை என்பதற்கு நியாயம் இருக்கிறது. டிஜிட்டல் கையொப்பம் சரிதானா என்று எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி பார்க்க வேண்டும். ஒருவர் திரையில் பச்சை டிக்கும் இன்னொருவர் திரையில் கேள்விக்குறியும் வந்தால் கப்பலில் சரக்கு காத்திருக்கும் நேரத்தில் வாக்குவாதம்தான் மிச்சம். ஆனால் எந்த பிரவுசர் என்பதில் அவ்வளவு கண்டிப்பு தேவையா? எனக்குத் தேவை என்று தோன்றவில்லை. முதல் நாள் நல்ல டிஃபால்ட்டாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, மாற்ற விரும்புபவரை மாற்ற விடலாம்.

அதற்கு எக்ஸ்எம்எல்லிலேயே வழி இருக்கிறது. அப்டேட்டில் இருக்கும் இன்றைய விண்டோஸ் பதிப்புகளில், ஒரு வரியின் கடைசியில் சஜஸ்டட் என்ற பண்பைச் சேர்த்து அதன் மதிப்பை ட்ரூ என்று வைத்தால், அந்த டிஃபால்ட் ஒருமுறை மட்டும் போடப்படும். அதன்பின் யூசர் மாற்றிக்கொண்டால் அவர் விருப்பமே நிற்கும். ஃபைலின் தலைப்பு வரியில் வெர்ஷன் எண் ஒன்றும் கொடுக்க வேண்டும். பிறகு எப்போதாவது எல்லோருக்கும் மறுபடி ஒருமுறை போட நினைத்தால் அந்த எண்ணை உயர்த்தினால் போதும். ஆக, பிடிஎஃப் வரியை அப்படியே விடுங்கள், பிரவுசர் வரிகளுக்கு சஜஸ்டட் சேருங்கள். ஒரே ஃபைலில் இரண்டும் இருக்கலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் "இன்னும் குரோமுக்குள்தான் திறக்கிறது" என்று ஒருவர் வந்து நிற்பார். அவர் சொல்வதும் சரிதான். விண்டோஸில் வைத்த டிஃபால்ட், ஃபோல்டரிலோ அவுட்லுக்கிலோ பிடிஎஃப்-ஐச் சொடுக்கினால்தான் பேசும். போர்ட்டலில் லிங்க்கைச் சொடுக்கும்போது ஃபைல் விண்டோஸ் கைக்கே வருவதில்லை, பிரவுசர் தன் சொந்த வியூவரில் காட்டிவிடுகிறது. அதை மாற்ற பிரவுசருக்கு உரிய பாலிசி வேண்டும். குரோமிலும் எட்ஜிலும் "ஆல்வேஸ் ஓப்பன் பிடிஎஃப் ஃபைல்ஸ் எக்ஸ்டர்னலி" என்ற ஒரே பெயரில் அது இருக்கிறது. அதை எனேபிள் செய்தால் பிடிஎஃப் டவுன்லோட் ஆகும், அதைச் சொடுக்கினால் விண்டோஸ் டிஃபால்ட்டில் திறக்கும்.

இங்கேதான் நீங்கள் கேட்ட டெம்ப்ளேட் வருகிறது. குரோமுக்கான பாலிசி டெம்ப்ளேட் தொகுப்பை கூகுளின் நிறுவனங்களுக்கான பக்கத்திலிருந்து இறக்குங்கள். எட்ஜுக்கானது மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு வகை ஃபைல்கள். ஏடிஎம்எக்ஸ் என்பது எந்தப் பாலிசி ரிஜிஸ்ட்ரியில் எங்கே எழுதும் என்ற வரைபடம், ஏடிஎம்எல் என்பது அதற்கு ஒரு மொழியில் எழுதிய பெயர்களும் விளக்கங்களும். இந்த முறை விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அதற்கு முன் விண்டோஸ் 2000 காலத்தில் இருந்தது ஏடிஎம் என்ற ஒற்றை ஃபைல்.

இவற்றை சர்வரில் சிஸ்வால் என்ற பெயரில் இருக்கும் டொமைனின் பொது ஃபோல்டரில், பாலிசீஸ் ஃபோல்டருக்குள் பாலிசி டெஃபனிஷன்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போட வேண்டும். இதற்கு சென்ட்ரல் ஸ்டோர் என்று பெயர். ஒருமுறை இதை உண்டாக்கிவிட்டால் எடிட்டர் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள டெம்ப்ளேட்களைப் பார்ப்பதையே நிறுத்திவிடும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாலிசி டெஃபனிஷன்ஸை முழுதாக அங்கே காப்பி செய்துவிட்டு, அதன் மேல் குரோமுடையதைச் சேருங்கள். குரோம் ஏடிஎம்எக்ஸோடு கூகுள் ஏடிஎம்எக்ஸும் போக வேண்டும். ஏடிஎம்எல் ஃபைல்கள் மொழி ஃபோல்டருக்குள், பொதுவாக அமெரிக்க ஆங்கிலத்துக்குரிய ஃபோல்டருக்குள் போக வேண்டும். மொழி ஃபைலை மறந்தால் எடிட்டரைத் திறக்கும்போதே பிழைச் செய்தி வரும். விண்டோஸின் புதிய பதிப்புக்கு டெம்ப்ளேட்களை மாற்றும்போது பழைய ஃபோல்டரை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய ஏடிஎம்எக்ஸ் புதியதோடு மோதி, ஒரே பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று எடிட்டர் சொல்லும். அப்போது திரும்பிப் போக இடம் வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். டெம்ப்ளேட் என்பது எடிட்டர் உங்களுக்குக் காட்டும் படிவம் மட்டுமே. ஏடிஎம்எக்ஸை அழித்தால் பாலிசி போய்விடாது. ஏற்கெனவே வைத்த மதிப்பு ஜிபிஓவுக்குள் அப்படியே இருந்து, ஊழியர்களின் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரிப்போர்ட்டில் மட்டும் "எக்ஸ்ட்ரா ரிஜிஸ்ட்ரி செட்டிங்ஸ்" என்ற தலைப்பின் கீழ் பெயர் இல்லாமல் கிடக்கும். நீக்க வேண்டுமானால் முதலில் பாலிசியை நாட் கான்ஃபிகர்டு என்று மாற்றுங்கள், பிறகு டெம்ப்ளேட்டை எடுங்கள்.

குரோம் டெம்ப்ளேட்டைச் சேர்த்ததும் எடிட்டரில் இரண்டு கிளைகள் தெரியும். ஒன்று "கூகுள் குரோம்". இன்னொன்று "கூகுள் குரோம் - டிஃபால்ட் செட்டிங்ஸ்", யூசர் மாற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்போடு. நான் சொன்ன கட்டளை, சிபாரிசு வித்தியாசத்தை கூகுளே இரண்டு கிளையாகப் பிரித்து வைத்திருக்கிறது. எட்ஜிலும் அப்படியே. முதல் கிளையில் வைத்தால் யூசரின் செட்டிங்ஸில் அந்த இடம் பூட்டப்பட்டிருக்கும். இரண்டாவதில் வைத்தால் ஆரம்ப மதிப்பாக மட்டும் இருக்கும். எல்லாப் பாலிசியும் இரண்டு கிளையிலும் இருக்காது, பாதுகாப்பு சார்ந்தவை முதல் கிளையில் மட்டும்தான். ஹோம் பக்கம், டவுன்லோட் ஃபோல்டர் போன்றவற்றை இரண்டாவது கிளையில் வையுங்கள் என்பது என் யோசனை. பிடிஎஃப்-ஐ வெளியே திறக்கும் பாலிசியை முதல் கிளையில் வையுங்கள். எதில் வைத்தாலும் குரோம் மெனுவில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து, நாம் பார்ப்பதையெல்லாம் யாரோ கவனிக்கிறார்களோ என்று ஊழியர்கள் பதறுவார்கள். மாற்றுவதற்கு முன்தினமே என்ன செய்கிறீர்கள், எதற்காக என்று நாலு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். மராத்தியும் இந்தியும் தமிழும் பேசுபவர்கள் கலந்திருக்கும் ஆபீஸில் வாய்வழியாகப் போகும் விளக்கம் மேசைக்கு மேசை மாறிவிடும்.

சரி, எக்செல். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2016 முதல் இன்றைய மைக்ரோசாஃப்ட் 365 வரை ஒரே டெம்ப்ளேட் தொகுப்புதான். எந்த ஃபார்மேட்டில் சேமிப்பது, எந்த ஃபோல்டரில் சேமிப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் 365-ன் பிசினஸ் ஸ்டாண்டர்ட், பிசினஸ் பிரீமியம் பிளான்களோடு வரும் ஆபீஸ் ஆப்கள் குரூப் பாலிசியை மதிப்பதில்லை. தனியுரிமை சார்ந்த சில மட்டும் விதிவிலக்கு. ஜிபிஓ சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும், ரிஜிஸ்ட்ரியிலும் மதிப்பு இருக்கும், எக்செல் மட்டும் அதைப் படிக்காது. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்குவது இந்த பிளான்களைத்தான். எனவே டெம்ப்ளேட்டோடு மல்லுக்கட்டுவதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள்.

பிசினஸ் பிளான்தான் என்றால், குரூப் பாலிசி பிரிஃபரன்ஸஸ் மூலம் எக்செலின் சாதாரண ரிஜிஸ்ட்ரி கீயிலேயே மதிப்பை எழுதலாம். ஆனால் இதன் குணம் வேறு. உண்மையான பாலிசி, ரிஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் என்ற தனிப் பகுதியில் உட்காரும், ஜிபிஓவை எடுத்தால் தானே மறைந்துவிடும். பிரிஃபரன்ஸ் எழுதியது யூசரின் சொந்த செட்டிங் இருக்கும் இடத்திலேயே பதிவதால், ஜிபிஓவை எடுத்த பிறகும் பச்சை குத்தியது போல நிற்கும். யூசர் அதை மாற்றவும் முடியும். ஆகவே அந்த ஐட்டத்தில் "அப்ளை ஒன்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஒவ்வொரு முறையும் மேலெழுதும். என்னென்ன எழுதினீர்கள் என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஓவை எடுத்துவிட்டால், உங்களுக்குப் பின் வருபவருக்கு இதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்காது.

எல்லாம் வைத்தாயிற்று, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எப்படி? குரூப் பாலிசி பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக எடுத்துக்கொண்டு புதுப்பித்துக்கொள்ளும். காத்திருக்க வேண்டாம் என்றால் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் ஸ்விட்சோடு ஓட்டுங்கள். ஆனால் ஆப் டிஃபால்ட் லாகினில்தான் போடப்படும் என்பதால், அதன்பின் லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். ஜிபிரிசல்ட் கட்டளையில் ஹெச்டிஎம்எல் ரிப்போர்ட் எடுத்தால் எந்த ஜிபிஓ ஏற்கப்பட்டது, எது எதனால் மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். குரோமில் முகவரிப் பெட்டியில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று அடித்தால் பாலிசிப் பட்டியல் வரும். கட்டளையா சிபாரிசா என்பதும் அங்கேயே ஒரு பத்தியில் இருக்கும். முதலில் உங்கள் கம்ப்யூட்டர், பிறகு பொறுமையான நாலு பேருடைய கம்ப்யூட்டர், அப்புறம் மற்றவை. மாதக்கடைசியில் மட்டும் இதைத் தொடாதீர்கள், உங்கள் தொழிலில் அந்த நாட்களின் நெருக்கடி எனக்குத் தெரியும்.

கடைசியாக, நாவா ஷேவா துறைமுகத்துக்குப் போய்வரும் ஊழியர்களின் லேப்டாப்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிரச்சினை அங்கிருந்துதான் முதலில் வரும். எக்ஸ்எம்எல்லை சர்வரில் ஷேர் ஃபோல்டரில் வைத்தால், ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளியே லாகின் செய்யும் லேப்டாப் அதைப் படிக்க முடியாது. பாலிசியில் லோக்கல் பாதையும் கொடுக்கலாம். பிரிஃபரன்ஸஸில் ஃபைல்ஸ் என்ற பகுதியை வைத்து, எக்ஸ்எம்எல்லை எல்லாக் கம்ப்யூட்டரின் சி டிரைவிலும் சாதாரண யூசர் திருத்த முடியாத ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்துவிடுங்கள். பாலிசியில் அந்தப் பாதையையே கொடுங்கள். காப்பி செய்யும் செயலை ரீப்ளேஸ் என்று வையுங்கள், நீங்கள் சர்வரில் திருத்தினால் அடுத்தமுறை நெட்வொர்க்குக்கு வரும்போது லேப்டாப்பிலும் மாறிவிடும். அந்த லேப்டாப்களை டொமைனிலிருந்து எடுத்து, இணையம் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் சேவைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அங்கேயும் இதே எக்ஸ்எம்எல் பயன்படும். அதை பேஸ்64 என்ற குறியீட்டு வடிவத்துக்கு மாற்றி, அப்ளிகேஷன் டிஃபால்ட்ஸ் என்ற அமைப்பில் ஒட்ட வேண்டும்.